112-க்கு வந்த மிஸ்டு கால்

காவல் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை, பேச்சு எதுவும் இல்லாமல் வந்து பேச்சு எதுவும் இல்லாமலே முடிந்துவிடுகிறது. அழைப்பை ஏற்பவர் ‘வணக்கம்’ சொல்லி முடிப்பதற்குள், சில வேளைகளில் அவர் எடுப்பதற்கும் முன்பே, எதிர்முனை துண்டித்துக்கொள்கிறது. இதனைக் கைவிடப்பட்ட அவசர அழைப்பு என்பர். இணைப்பு நீடித்தும் யாரும் வாய் திறக்காத மௌன அழைப்பும், சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி தானாக அழுந்தி உண்டாகும் தவறிய அழைப்பும் இதன் நெருங்கிய உறவினங்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் காதுக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே படுகின்றன. சென்னையின் மேற்கே கொரட்டூரிலோ பட்டாபிராமிலோ ஒரு வீட்டிலிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்து அறுந்த பிறகு, ஒரு ரோந்து வண்டி எந்தத் தெருவுக்கு, எந்த வாசலுக்குப் போகும் என்பதும், போனபின் அந்த வாசலில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதும் வானொலி அலைகளின் இயற்பியலில் தொடங்கிச் சட்டத்தில் முடியும் நெடிய சங்கதி.

துண்டித்த அழைப்புக்கும் பொருள் உண்டு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. அழைப்புக் கட்டணம் உறுத்திய காலத்தில், ‘வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு’ என்ற ஏற்பாட்டின் மேல்தான் பல குடும்பங்களின் போக்குவரத்தே ஓடியது. ஆயின் அங்கே இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைத்த பொருள் இருந்தது. அவசர எண்ணுக்கு வரும் மிஸ்டு காலுக்கோ அப்படிப் பேசிவைத்த பொருள் ஏதுமில்லை. அதே ஓர் ஒலிப்பு, கைப்பேசியை வைத்து விளையாடும் மூன்று வயதுக் குழந்தையினுடையதாகவும் இருக்கலாம், கையிலிருந்து கைப்பேசி பிடுங்கப்பட்ட பெண்ணினுடையதாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் பெருகியதற்கு ஒரு நல்ல நோக்கமே காரணம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, காவல், தீயணைப்பு, மருத்துவம் அனைத்துக்கும் ஒரே எண் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் 112 என்ற எண்ணைப் பரிந்துரைத்தது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் அது நடைமுறைக்கு வந்தது. இடையில், 2016 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசியிலும் ஆபத்துப் பொத்தான் இருக்க வேண்டும் என்றன. சாதாரணப் பொத்தான் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை அழுத்திப் பிடித்தாலும், திறன்பேசியில் மின்விசையை மும்முறை விரைந்து அழுத்தினாலும் அவசர அழைப்பு போகும். நடுங்கும் விரலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்த பொத்தான், குழந்தையின் விரலுக்கும், பேருந்து நெரிசலில் கைப்பைக்குள் உரசும் சாவிக்கொத்துக்கும் அதே அளவு எளிதாக அமைந்துவிடுகிறது. பிரிட்டனில் 2023-இல், ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் மின்விசையை ஐந்து முறை அழுத்தினால் அவசர எண்ணை அழைக்கும் வசதி பரவியபோது மௌன அழைப்புகள் திடீரெனக் கூடிவிட்டதாகக் காவல் தலைமை அலுவலர்கள் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது.

அழைப்பு துண்டிக்கப்பட்டதும் கட்டுப்பாட்டு அறையின் கையில் மிஞ்சுவது ஓர் எண்ணும், அந்த எண் இருந்த இடம் பற்றிய ஓர் ஊகமும் மட்டுமே. பழைய கம்பித் தொலைபேசி இந்த வகையில் வெகு நேர்மையானது. எண் தெரிந்தால் கம்பி எந்த வீட்டில் முடிகிறது என்பது பதிவேட்டில் இருக்கும். கைப்பேசிக்கும் ஒரு முகவரி பதிவாகியிருக்கும்தான்; ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞரின் சிம் அட்டை திருநெல்வேலியில் அல்லது ஒடிசாவில் வாங்கியதாக இருந்தால், அந்த முகவரியால் ரோந்து வண்டிக்கு எந்தப் பயனும் இல்லை.

எனவே அலைகளை நாட வேண்டியிருக்கிறது. கைப்பேசிக் கோபுரம் பொதுவாகத் தன்னைச் சுற்றியுள்ள வட்டத்தை 120 பாகை கொண்ட மூன்று துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்கிறது. அழைப்பு எந்தத் துண்டிலிருந்து வந்தது என்பது உடனே தெரியும். அத்துடன், பேசிகள் அனுப்பும் சமிக்ஞைகள் ஒன்றோடொன்று மோதாமல் உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பேசிக்கும் அதன் தொலைவுக்கேற்பச் சற்று முன்கூட்டியே அனுப்புமாறு கோபுரம் கட்டளையிடுகிறது. நேர முன்னீடு எனப்படும் இந்தக் கட்டளையிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். அலை ஒரு மைக்ரோ விநாடியில் ஏறத்தாழ 300 மீட்டர் போகிறது. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் இந்தக் கணக்கின் ஒரு படி சுமார் 550 மீட்டர், நான்காம் தலைமுறையில் சுமார் 78 மீட்டர். நல்ல நிலைமையையே எடுத்துக்கொள்வோம்: பேசி கோபுரத்திலிருந்து 400 மீட்டர் தொலைவில், 78 மீட்டர் அகலமுள்ள ஒரு வளைந்த பட்டைக்குள் இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு துண்டுக்குள் அந்தப் பட்டையின் பரப்பு ஏறத்தாழ 65,000 சதுர மீட்டர். சென்னைக்காரர் கணக்கில் 290 கிரவுண்டு. மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் தோளோடு தோள் உரசி நிற்கும் கொரட்டூரில் அவ்வளவு இடத்துக்குள் எத்தனை கதவுகள் இருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

ஜி.பி.எஸ். இருக்கிறதே எனலாம். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை, கான்கிரீட் தளங்களைத் தாண்டி உள்ளறைக்கு வரும்போது மிகவும் நலிந்துவிடுகிறது. தவிரவும், பேசி தன் இடத்தைத் தெளிவாகக் கணிக்கச் சில விநாடிகள் வேண்டும், கைவிடப்பட்ட அழைப்போ அந்தச் சில விநாடிகளைக் கூடத் தருவதில்லை. இதற்காகவே, அவசர எண் அழுத்தப்பட்ட கணத்திலேயே பேசி தானாக விழித்து, செயற்கைக்கோள், அக்கம்பக்கத்து வைஃபை, கோபுரம் ஆகிய எல்லாவற்றையும் கலந்து இடத்தைக் கணித்துக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடும் முறை பிரிட்டனில் 2014-இல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. ஆண்ட்ராய்டு பேசிகளில் இதே போன்ற வசதி இந்தியாவில் முதலாவதாக உத்தரப் பிரதேசத்தின் 112 சேவையோடு 2025 இறுதியில் இணைக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் மாடி தெரியாது. அமெரிக்காவில் அழைப்பவரின் உயரத்தை 3 மீட்டர் துல்லியத்தில் அறிய வேண்டும் என்று விதி வகுத்து, திறன்பேசிக்குள் இருக்கும் காற்றழுத்தமானியைப் பயன்படுத்துகின்றனர். ஒரு மாடி ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.36 ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதுதான் அதன் அடிப்படை. வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் அதைவிடப் பன்மடங்கு மாற்றம் தரையிலேயே நிகழ்ந்துவிடும் என்பதால், அருகிலுள்ள ஒரு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் இந்த முறை உதவாது.

துண்டிக்கப்படாமல், பேச்சும் இல்லாமல் நீளும் அழைப்பு இன்னொரு விந்தையைக் கொண்டது. மறுமுனையின் மௌனத்தைக் கூர்ந்து கேட்கும் அலுவலர், பல வேளைகளில் அந்த அறையின் மௌனத்தைக் கேட்பதே இல்லை. கைப்பேசி பேச்சை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பேச்சு இருக்கிறதா என்று சோதிக்கிறது. இல்லை என்று முடிவு செய்தால், மின்கலத்தையும் அலைவரிசையையும் மிச்சப்படுத்துவதற்காக ஒலி அனுப்புவதை நிறுத்திக்கொண்டு, பின்னணி இரைச்சல் எத்தகையது என்ற சுருக்கமான குறிப்பை மட்டும் அவ்வப்போது அனுப்புகிறது. பரவலாகப் பயன்பட்ட ஒரு குறியீட்டு முறையில் அந்தக் குறிப்பு 160 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் வரும். அதை வைத்துக்கொண்டு பெறும் முனை தானே ஒரு மெல்லிய இரைச்சலைத் தயாரித்து ஒலிக்கிறது. முழு நிசப்தம் கேட்டால் இணைப்பு அறுந்துவிட்டதாகப் பேசுபவர் எண்ணிவிடுவார் என்பதால் செய்த இந்த ஏற்பாட்டுக்கு ஆறுதல் இரைச்சல் என்று பெயர். அன்றாடப் பேச்சுக்கு இது நல்ல சிக்கனம்தான். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிசுகிசுப்பவருக்கு இதே சிக்கனம் எதிரியாகக்கூடும், ஏனெனில் கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதில்லை. அதிர்வின் சீரான சுருதி இல்லாத அந்த மெல்லொலி, இயந்திரத்தின் கணிப்பில் மின்விசிறி ஓசையோடு சேர்ந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. மௌன அழைப்பின் பதிவை மீண்டும் மீண்டும் ஓட்டிக் கேட்டு ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று முடிவு செய்யும் எவரும், தாம் கேட்டதில் ஒரு பகுதி இயந்திரம் இட்டு நிரப்பியது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

திருப்பி அழைத்துப் பார்ப்பதே முதல் வழக்கம். எடுத்தவர் ‘தெரியாம பட்டுடுச்சு சார்’ என்று இயல்பாகச் சொன்னால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். ஆனால் ஒளிந்திருப்பவரின் பேசி திடீரென மணி அடிப்பது அவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்யலாம். எடுத்தவர் சுதந்திரமாகப் பேசும் நிலையில் இல்லை என்ற ஐயம் எழுந்தால், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்பதாகக் கேள்விகளை மாற்றிக்கொள்வது பயிற்சி பெற்ற அலுவலரின் திறமை. பிரிட்டனில், கைப்பேசியிலிருந்து அழைத்துப் பேச முடியாதவர் 55 என்று அழுத்தினால் அழைப்பு காவல்துறைக்கு மாற்றப்படுகிறது. அப்படி அழுத்துவதால் இடமும் தெரிந்துவிடும் என்று பலரும் நம்புவது தவறு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 2019-இல் ஒரு பெண் அவசர எண்ணை அழைத்துப் பீட்சா கேட்க, மறுமுனை அலுவலர் அது பீட்சாவுக்கான அழைப்பு இல்லை என்று புரிந்துகொண்டு காவலர்களை அனுப்பினார். ஆவடியில் அதே நிலையில் இருக்கும் ஒருவர், ‘கேன் தண்ணி ரெண்டு வேணும், சீக்கிரம் அனுப்புங்க’ என்று சொல்லக்கூடும். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடாமல் ‘பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா அம்மா’ என்று கேட்கும் காது அங்கே வேண்டும்.

ஒவ்வொரு மௌனத்துக்கும் வண்டி அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி, இரண்டாம் உலகப்போரின் ரேடார் திரைகளுக்கு முன்னால் பிறந்த ஒரு கோட்பாட்டுக்குச் சொந்தமானது. திரையில் தோன்றும் மங்கலான புள்ளி எதிரி விமானமா, பறவைக் கூட்டமா என்று தீர்மானிப்பவருக்கு இரண்டு வகைப் பிழைகள் சாத்தியம்: இல்லாததை இருப்பதாகக் கொள்வது, இருப்பதைத் தவறவிடுவது. எந்தக் கருவியாலும் இரண்டையும் ஒருசேர ஒழிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எவ்வளவு ஐயம் எழுந்தால் செயலில் இறங்குவது என்ற எல்லைக்கோட்டை, எந்தப் பிழை அதிக விலை உடையது என்பதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். கணக்கை விளக்குவதற்காக மட்டும், 201 கைவிடப்பட்ட அழைப்புகளில் 200 வெற்று, ஒன்று மெய் என்று வைத்துக்கொண்டு, ஒரு வெற்று அழைப்பை நேரில் சென்று பார்த்துவர 20 நிமிடம் எனக் கொண்டால், அந்த ஒருவரைச் சென்றடைய 4,000 நிமிடங்கள், அதாவது 67 மணி நேர ரோந்து செலவாகிறது. அது அதிகமா குறைவா என்பதைக் கணக்கு சொல்லாது.

கணக்கில் சேராத ஒரு செலவும் உண்டு. ‘புலி வருது’ கதையைப் பொய் சொன்ன சிறுவனின் கதையாகவே பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். உளவியலாளர்கள் அதைக் கேட்டவர்களின் கதையாகப் படிப்பார்கள். 1948-இல் நார்மன் மேக்வொர்த், கடிகார முள்ளின் அரிதான ஒரு தாவலைக் கவனிக்குமாறு சோதனையில் பங்கேற்றவர்களை உட்கார வைத்தபோது, முதல் அரை மணி நேரத்திலேயே அவர்களது கவனம் தெளிவாகச் சரிந்தது. 2005-இல் ஜெரமி வுல்ஃப் குழுவினர், பைகளுக்குள் ஆயுதம் தேடுவோரின் வேலையை ஒத்த ஒரு சோதனையில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம் தவறவிட்டவர்கள், அது நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறவிட்டதைக் கண்டனர். கண் கெட்டுப்போகவில்லை, ‘இருக்காது’ என்ற எதிர்பார்ப்பு, தேடலைச் சீக்கிரமே முடித்துவைத்தது. தொடர்ந்து ஐம்பது வெற்று வாசல்களைப் பார்த்த ஏட்டு, ஐம்பத்தோராவது வாசலில் அரை நிமிடத்தில் திரும்பிவிட்டால், அதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

சென்னையின் மேற்குப் புறநகரில் அந்த ஏட்டு இப்போது 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தவர். அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. ‘மைக்’ என்றே காவலர்கள் சொல்லும் ஒலிபரப்பியில் தகவல் வந்ததும் தொடங்கும் துன்பம் முகவரித் துன்பம். காந்தி நகர், பாரதி நகர் என்ற பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். மெயின் ரோடுக்கும் குறுக்குத் தெருவுக்கும் ஒரே வரிசை எண் இருக்கும். ஒரே கதவுக்குப் பழைய எண், புதிய எண், மனைப்பிரிவு போட்டபோது கொடுத்த மனை எண் என்று மூன்று எண்கள் இருக்கும். டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்புகளில் வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் எண் ஒன்று பிசகினால் வேறொரு குடும்பத்தின் தூக்கம் கெடும். செயற்கைக்கோளை விடத் தெருமுனை இஸ்திரிக்காரரும் அடுக்குமாடிக் காவலாளியும் இங்கே துல்லியமான கருவிகள் என்றால் அது மிகையாகாது.

வாசலை அடைந்த காவலரின் முதல் வேலை பார்ப்பதும் கேட்பதும். விளக்கு எரிகிறதா, தொலைக்காட்சி அளவுக்கு மீறி அலறுகிறதா, கதவுக்கு வெளியே எத்தனை சோடிச் செருப்புகள் என்பன எல்லாம் செய்தி; வெளியே நான்கு சோடி இருக்க, ‘நான் மட்டும்தான் இருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால் அங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. எந்த வீடு என்று உறுதியில்லையானால், படிக்கட்டில் நின்றபடி அந்த எண்ணுக்கு அழைத்து எந்தக் கதவுக்குப் பின்னால் மணி கேட்கிறது என்று பார்க்கலாம். கதவைத் திறந்தவர், ‘ஒண்ணும் இல்ல சார், பாப்பா போனை வெச்சு விளையாடிட்டு இருந்துச்சு’ என்கிறார். பத்தில் ஒன்பது முறை அது மெய்யாகவும் இருக்கலாம். அனுபவமுள்ளவர், ‘சரிங்க, பாப்பாவை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்’ என்பார். அழைத்தவர் நல்லபடியாக இருக்கிறார் என்பதை அவரையே பார்த்து அறிய வேண்டும், கதவைத் திறந்தவரின் வாய்ச்சொல்லை வைத்து அறியலாகாது. வீட்டில் மனைவியோ மாமியாரோ இருந்தால் தனித்தனியே, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத தொலைவில் வைத்துப் பேசுவதும், முடிந்தால் பெண் காவலரைக் கொண்டு பேசுவதும் இதன் தொடர்ச்சி. குடும்ப வன்முறை தெரியவந்தால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பாதுகாப்பு ஆணை கோரும் உரிமை, பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவசச் சட்ட உதவி ஆகியவற்றை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வதைக் காவலரின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

கதவு திறக்கவே இல்லை, அல்லது திறந்தவர் உள்ளே விட மறுக்கிறார் என்றால்தான் சட்டம் தன் முழு எடையோடு வந்து நிற்கிறது. வீட்டு வாசற்படிக்கு இந்தியச் சட்டம் கொடுக்கும் மதிப்பு சிறியதன்று. கண்காணிப்பின் பேரால் இரவில் வீடு தேடிச் செல்லும் காவல் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 1962-இல் கரக் சிங் வழக்கிலேயே செல்லாது என்றது, 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக உரைத்தனர். மறுபுறம், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நிகழாமல் இயன்றவரை தடுப்பது ஒவ்வொரு காவல் அலுவலரின் கடமை என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு. பெருந்தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்ற பழைய தத்துவமும் புதிய தண்டனைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆனால் அலறலோ, புகையோ, இரத்தமோ இல்லாத வெறும் மௌனம் இந்தப் பிரிவுகளுக்குள் அடங்குமா என்பதுதான் சிக்கல். தெளிவற்ற தொலைபேசித் தகவல் தன்னளவில் முதல் தகவல் அறிக்கையாகாது என்று 1970-இல் தபிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொல்லே இல்லாத அழைப்பு அதற்கும் ஒரு படி கீழே.

இதே கேள்வியைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் கோடாய் வழக்கில் நேருக்கு நேர் சந்தித்தது. அழைத்தவர் பேசுமுன்பே துண்டிக்கப்பட்ட ஓர் அழைப்பைத் தொடர்ந்து அடுக்குமாடி வீடொன்றுக்குக் காவலர்கள் சென்றனர். கதவைச் சற்றே திறந்தவர் ஒன்றுமில்லை என்று சொல்லி மூட முயன்றார். ஒரு காவலர் கதவிடுக்கில் காலை வைத்துத் தடுத்தார். உள்ளே, படுக்கையறையில், கண்ணருகே வீக்கத்தோடு சுருண்டு அழுதுகொண்டிருந்த பெண்ணைக் கண்டனர். காவலர்கள் நுழைந்தது சரியே என்ற நீதிமன்றம், நுழையும் அதிகாரம் அழைத்தவரின் நலத்தை அறிந்து உதவுவதோடு முடிந்துவிடுகிறது, வீட்டைச் சோதனையிட அது உரிமம் தராது என்று கோடும் கிழித்தது. இங்கிலாந்து சற்றுக் கண்டிப்பானது: உயிரையோ உறுப்பையோ காப்பதற்கு என்றால் நுழையலாம், ‘நலம் பற்றிய கவலை’ என்ற மங்கலான காரணம் போதாது என்று அங்கே 2010-இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்காவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல், கம்பித் தொலைபேசியிலிருந்து வெறும் இரைச்சல் மட்டுமே கேட்ட ஓர் அழைப்பை நுழைவுக்குப் போதுமான காரணமாக ஏற்க மறுத்தது. பழுதான கம்பியும் அதே ஓசையைத்தான் எழுப்பும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கோடாய் தீர்ப்பின் வழியே வீட்டின் மதிப்பையும் ஆளின் உயிரையும் ஒருசேரக் காக்கிறது என்று தோன்றுகிறது: ஆளைத் தேடலாம், அலமாரியைத் திறக்கலாகாது. இந்தியாவில் அத்தகைய கோட்டைச் சட்டமே எழுத்தில் வகுத்துத் தந்தால், நள்ளிரவில் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நிற்கும் காவலர் தம் வேலையையும் பிறர் உயிரையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டியிராது.

பார்த்துவிட்டுத் திரும்பும் காவலர் எழுதும் குறிப்பு பெரும்பாலும் ஒரே வரியில் முடிகிறது: நேரில் விசாரிக்கப்பட்டது, பிரச்சினை இல்லை. யாரை நேரில் பார்த்தார், அவர் தனியாகப் பேசினாரா, குழந்தை விழித்திருந்ததா என்ற மூன்று சொற்றொடர்களை அதனோடு சேர்க்க இன்னும் ஒரு நிமிடம் ஆகும். அதே எண்ணிலிருந்து அடுத்த வாரம் மீண்டும் ஓர் அழைப்பு வந்து, மணி அடித்து, பேசாமலே அறுந்தால், கட்டுப்பாட்டு அறையில் அதை எடுப்பவர் வேறொருவராக இருப்பார். அவருக்குக் கிடைக்கும் பின்னணி அந்தக் குறிப்பு மட்டுமே.